ரசீதில் எழுதித் தருவீர்களா?

தாமான் மெலாவத்தி பக்கம் போயிருக்கிறீர்களா? வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் கத்தி முனைபோல் நீண்டு கிடக்கும் ஒரு பாறை முகடு தெரியும். புக்கிட் தாபூர் என்றால் மலையேறுகிறவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டை ஒட்டி 10 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்த முகடு குவார்ட்ஸ் கல்லால் ஆனது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் ஏற்பட்ட ஒரு பெரும் பிளவில் சிலிக்கா கரைந்த வெந்நீர் புகுந்து, ஆறி, இறுகிக் கல்லானது. சுற்றிலும் இருந்த மென்மையான பாறைகள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போயின. இது மட்டும் நிற்கிறது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்கூட இந்த முகடு இடம்பெற்றிருக்கிறது.

அந்த மலையும், கோயில் வாசல் கடைகளில் சிவப்பு வெல்வெட் துணியில் வைத்து விற்கும் ஸ்படிக மாலையும் ஒரே பொருள்தான். ஊதா நிற அமெதிஸ்ட், மஞ்சள் சிட்ரின், இளஞ்சிவப்பு ரோஸ் குவார்ட்ஸ், புகை நிறக் கல், உங்கள் சுவர்க் கடிகாரத்துக்குள் இருக்கும் சின்னஞ்சிறு துண்டு எல்லாமே அதுதான். ஒரு சிலிக்கன் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். பூமியின் மேலோட்டில் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் கனிமங்கள் மிகக் குறைவு. அப்படியானால் அதை வாங்கும்போது நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம்? தெளிவுக்கு, நிறத்துக்கு, பட்டை தீட்டியவரின் உழைப்புக்கு. எல்லாவற்றையும்விட அதிகமாக, பெயருக்கு. அந்தப் பெயர் உண்மையானதா என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

என் அக்கா தைப்பூசத்துக்கு முன் ஒரு கடையில் 108 மணி ஸ்படிக மாலை வாங்கினார். விலை 480 வெள்ளி. நான் பள்ளியில் அறிவியல் போதித்தவன் என்பதால், “தம்பி, இது அசல்தானா, பார்த்துச் சொல்லு” என்று கொண்டுவந்து கொடுத்தார். கையில் எடுத்துப் பார்த்தால் எல்லா மணிகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. எல்லாம் தெளிவு, எல்லாம் குளிர்ச்சி. குளிர்சாதனம் ஓடும் அறையில் கண்ணாடியும் குளிர்ந்துதான் இருக்கும். குவார்ட்ஸ் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பது உண்மையே. ஆனால் விரல் நுனியை மட்டும் நம்பி 480 வெள்ளிக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அக்கா மகனின் மடிக்கணினியைத் திறந்து, திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும்படி வைத்தோம். காரில் கிடந்த போலராய்டு வகைக் கறுப்புக் கண்ணாடியை எடுத்துவந்து, அதன் வழியாகத் திரையைப் பார்த்தபடி மெல்லத் திருப்பினேன். ஒரு கோணத்தில் திரை இருண்டு போகும். அந்த நிலையில் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே மாலையை ஒவ்வொரு மணியாக நகர்த்தினோம். சில மணிகள் இருட்டில் விளக்கேற்றியதுபோல் ஒளிர்ந்தன. திருப்பத் திருப்ப வெளிச்சம் வந்து போனது. சிலவற்றில் ஒரு குறிப்பிட்ட பக்கம் வந்தபோது வானவில் வளையங்கள் தெரிந்தன. மற்ற மணிகள் திரையோடு சேர்ந்து இருண்டே கிடந்தன. எண்ணிப் பார்த்தோம். 71 ஒளிர்ந்தன, 37 ஒளிரவில்லை. மாலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கண்ணாடி!

நீங்களும் இதை வீட்டில் செய்து பார்க்கலாம், ஒரு காசு செலவில்லை. எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் ஒளி. குவார்ட்ஸ் படிகத்துக்குள் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால், உள்ளே நுழையும் ஒளியை அது இரண்டாகப் பிரித்து, அதிரும் தளத்தை மாற்றி வெளியே அனுப்புகிறது. கறுப்புக் கண்ணாடி தடுத்த ஒளியில் ஒரு பகுதி இப்போது கடந்து வந்துவிடும். சாதாரணக் கண்ணாடியில் அணுக்களுக்கு அந்த ஒழுங்கு இல்லை, ஆகவே ஒன்றும் நடக்காது. ஒரு எச்சரிக்கை: அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மணியும் நிறம் நிறமாக ஒளிரும். அது கையில் எடுத்தாலே காற்றுபோல் லேசாக இருக்கும், தொட்டால் குளிராது, ஏமாற மாட்டீர்கள். பெரிய பளிங்கு உருண்டை என்றால் இன்னும் எளிது. காகிதத்தில் ஒரு கோடு போட்டு அதன்மேல் உருண்டையை வைத்து உருட்டிப் பாருங்கள். குவார்ட்ஸ் என்றால் சில கோணங்களில் கோடு இரண்டாகத் தெரியும். கண்ணாடி உருண்டை எப்படி உருட்டினாலும் ஒரே கோட்டைத்தான் காட்டும்.

மறுநாள் அக்காவுடன் நானும் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கோபப்படவில்லை. மொத்த வியாபாரியிடமிருந்து கட்டாக வாங்குவதாகவும், தனக்கே தெரியாது என்றும் சொன்னார். நான் அதை நம்பினேன். ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர் காட்டியது ரசீதை. அதில் எழுதியிருந்தது “மாலை 1”. ஸ்படிகம் என்ற சொல்லே இல்லை. “நான் ஸ்படிகம்னு எழுதிக் கொடுக்கலையே அக்கா” என்றார். அக்காவிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

வாய்மொழியாகச் சொன்ன பெயரும் தாளில் எழுதிய பெயரும் வேறு வேறாக இருப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. சிட்ரினை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாதகம் பார்த்து மஞ்சள் கல் மோதிரம் போடச் சொன்னால் நம்மில் பலர் புஷ்பராகம் தேடுகிறோம். புஷ்பராகம் என்ற தமிழ்ப் பெயரை மஞ்சள் நீலக்கல்லுக்கும் சொல்கிறார்கள், டோபாஸ் கல்லுக்கும் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு அதற்குப் பதிலாக அணியும் சிட்ரினும் சில கடைகளில் அதே பெயரில் போய்விடுகிறது. மூன்றும் மூன்று வெவ்வேறு கனிமங்கள். கடினத்தன்மை அளவுகோலில் மஞ்சள் நீலக்கல் 9, டோபாஸ் 8, குவார்ட்ஸ் 7. ஒரே பருமனுள்ள இரண்டு கற்களை எடுத்தால், நீலக்கல் வகை குவார்ட்ஸைவிட ஒன்றரை மடங்கு கனமாக இருக்கும். விலையில் உள்ள வேறுபாடோ ஒன்றரை மடங்கோடு நிற்பதில்லை. “ஸ்மோக்கி டோபாஸ்” என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் புகை நிறக் குவார்ட்ஸ்தான். பெயரில் இருக்கும் டோபாஸ் கல்லில் இருக்காது.

அந்தச் சிட்ரினும் இயற்கையில் மஞ்சளாகப் பிறந்தது அரிது. சந்தையில் இருக்கும் சிட்ரினில் பெரும்பகுதி ஒரு காலத்தில் அமெதிஸ்ட். ஊதா நிறம் வருவதற்குக் காரணம், படிகத்துக்குள் அகப்பட்ட சிறிதளவு இரும்பும், பூமிக்குள் நெடுங்காலம் அதன்மேல் பட்ட இயற்கைக் கதிர்வீச்சும். அந்தக் கல்லைச் சூளையில் வைத்து 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் ஊதா போய் மஞ்சளோ ஆரஞ்சோ வந்துவிடுகிறது. கடைகளில் பெரிய குகைபோல் பிளந்து வைத்திருக்கும் சிட்ரின் கல்லைப் பாருங்கள். முனைகளில் எரிந்த ஆரஞ்சு, அடியில் சுண்ணாம்பு வெள்ளை என்றால் அது சூளைக்குப் போய் வந்த அமெதிஸ்ட்.

சூடாக்குவதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அந்த நிறம் நிலையானது, கல்லும் அசல் குவார்ட்ஸ்தான். குஜராத்தின் காம்பத்தில் அகேட் கல்லைச் சூடாக்கிச் சிவக்க வைக்கும் கலை பல நூற்றாண்டுப் பழமை உடையது. கருப்பு ஓனிக்ஸ் என்று நாம் வாங்குவதில் பெரும்பகுதி, அகேட் கல்லைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் இட்டு, உள்ளே இறங்கிய சர்க்கரையைக் கரியாக்கிப் பெற்ற கருப்பு. லெமன் குவார்ட்ஸ் கதிர்வீச்சும் சூடும் கண்ட கல். எனக்கு இதில் வியப்புதான் உண்டு. சர்க்கரையை வைத்துக் கல்லுக்குச் சாயம் போட யாருக்கு முதலில் தோன்றியிருக்கும்! ஆனால் செய்ததைச் சொல்லாமல் “இயற்கையாகவே இந்த நிறம்” என்று விற்பது வேறு விஷயம்.

ஆய்வகத்தில் வளர்த்த கல்லும் அப்படித்தான். உருக்குக் கலனுக்குள் உயர்ந்த அழுத்தத்தில், 350 டிகிரிக்கு அருகில் காரம் கலந்த நீரில் சிலிக்காவைக் கரைத்து, விதைப் படிகத்தின்மேல் படியவைத்துச் சில வாரங்களில் குவார்ட்ஸ் வளர்த்துவிடுகிறார்கள். இரசாயனத்தில் அதற்கும் மலையில் பிறந்ததற்கும் வேறுபாடு கிடையாது. திரைச் சோதனையில் இரண்டும் ஒரே மாதிரி ஒளிரும். வளர்த்த அமெதிஸ்டை இயற்கை அமெதிஸ்டிலிருந்து பிரிக்க இரத்தினக்கல் ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலை எடுத்துப் பார்க்க வேண்டிவரும். பல சமயம் அந்தச் சோதனைக் கட்டணம் கல்லின் விலையைவிட அதிகமாகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், சிறிய கல்லுக்குச் சான்றிதழைவிட விற்பவரின் எழுத்து முக்கியம்.

இந்த இடத்தில் சில கடைக்காரர்கள் பேச்சை மாற்றுவார்கள். “கல்லுக்குள் அதிர்வு இருக்கு சார், அதனாலதான் கடிகாரமே ஓடுது” என்பார்கள். பாதி உண்மை எப்போதும் முழுப் பொய்யைவிட எளிதாக விலைபோகும். 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் குவார்ட்ஸை அழுத்தினால் அதன் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளியும் என்பது அதன் மறுபக்கம். கடிகாரத்தில் பேட்டரி அந்த மின்சாரத்தைக் கொடுக்கிறது, இசைக்கவைபோல் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது, மின்சுற்று அதை எண்ணி நொடிமுள்ளை நகர்த்துகிறது. 1969 டிசம்பரில் சீக்கோ நிறுவனம் இப்படிப்பட்ட முதல் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேட்டரியைக் கழற்றினால் அதிர்வு நின்றுவிடும். கழுத்தில் தொங்கும் மாலைக்கு எங்கே பேட்டரி? இன்னொன்று, கடிகாரங்களில் இருப்பது பெரும்பாலும் ஆய்வகத்தில் வளர்த்த குவார்ட்ஸ். துல்லியம் தேவைப்படும் இடத்தில் உலகம் நம்புவது அதைத்தான்.

ஜெபம் செய்ய ஸ்படிக மாலை வேண்டும் என்று விரும்புகிறவரிடம் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அது அவரவர் நம்பிக்கை, அக்காவுக்கும் அது உண்டு. தஞ்சாவூருக்கு அருகில் வல்லத்தில் கிடைத்த படிகக்கல்லை இழைத்து மூக்குக்கண்ணாடி செய்தவர்கள் நம் முன்னோர். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குவார்ட்ஸ் மணிகள் செய்த தொழிற்கூடத் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. இந்தக் கல் நமக்குப் பழக்கமானது. நோய் தீர்க்கும் என்று விலையை ஏற்றும்போதுதான் நான் குறுக்கே வருகிறேன். குவார்ட்ஸ் மனித உடலுக்கு என்ன செய்யும் என்று மருத்துவம் ஐயமின்றி அறிந்திருப்பது ஒன்றே. அதன் நுண்தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும். சிலிக்கோசிஸ் என்று பெயர், குணமாக்க மருந்து இல்லை. காம்பத்தில் அகேட் கல்லைத் தேய்த்து மணியாக்கும் தொழிலாளர் குடும்பங்களில் இந்நோய் நீண்ட காலமாக இருந்துவருகிறது. 1997இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மூச்சோடு உள்ளே போகும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நம் சமையலறைகளில் மேடைக்குப் போடும் “குவார்ட்ஸ்” பலகை, கல்தூளைப் பிசினில் கலந்து செய்தது. சிலவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிலிக்கா. அதை அறுத்த இளைஞர்கள் நோயில் விழுந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அவ்வகைப் பலகைகளைத் தடை செய்துவிட்டது. போட்ட மேடையால் வீட்டில் இருப்பவருக்கு ஆபத்தில்லை. ஆபத்து அறுக்கிறவருக்கு. உங்கள் வீட்டுச் சமையலறையில் குழாய்க்குத் துளை போட வரும் தொழிலாளி தண்ணீர் விடாமல் வெட்டினால், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். மணியில் துளை பெரிதாக்க வீட்டில் டிரில் எடுக்கும் கைவினை ஆர்வலர்களுக்கும் இதே வேண்டுகோள்.

வாங்கிவிட்ட கல்லைப் பேணுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். பேணும் முறையும் பெயரைப் பொறுத்ததே. தெளிந்த ஸ்படிகம் வெயிலுக்கு அசையாது. அமெதிஸ்டும் ரோஸ் குவார்ட்ஸும் நீண்ட நாள் வெயிலில் இருந்தால் வெளுக்கக்கூடும். “சக்தி ஏற்ற” என்று சொல்லி அமெதிஸ்டை நாள்தோறும் நம் ஊர் மத்தியான வெயிலில் காயவைக்கிறவர்கள், அதன் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறார்கள். சன்னலோரக் கண்ணாடி அலமாரியிலும் வைக்காதீர்கள். சாயம் ஏற்றிய அகேட்டை நகப்பூச்சு அகற்றும் திரவம் பட்டால் கெடுத்துவிடும். விரிசல் விட்டுச் சாயம் இறக்கிய கல்லை ஊறப் போடவே கூடாது. பாருங்கள், என்ன செய்யப்பட்ட கல் என்று தெரியாவிட்டால் எதைத் தவிர்க்க வேண்டும் என்றும் தெரியாது.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு, மிருதுவான பல்துலக்கி போதும். கொதிநீரிலிருந்து எடுத்துக் குளிர்நீரில் போட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய வெடிப்பு பிளந்து விரியும். நீராவிச் சுத்தமும் அதே காரணத்தால் வேண்டாம். உப்புநீரில் ஊறவைப்பது கல்லுக்குக் கெடுதல் செய்யாவிட்டாலும் வெள்ளிக் கம்பியையும் கொக்கியையும் அரிக்கும். தூசி படிந்த கல்லை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். வீட்டுத் தூசியில் இருக்கும் மணல் துகளும் குவார்ட்ஸ்தான், கல்லுக்கு நிகரான கடினம். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு மங்கும். முதலில் நீரில் அலசிவிட்டுப் பிறகு துடையுங்கள். வைரம், நீலக்கல் மோதிரங்களோடு ஒரே பெட்டியில் போட்டால் அவை குவார்ட்ஸைக் கீறும், குவார்ட்ஸ் முத்தைக் கீறும். தனித்தனித் துணிப்பை நல்லது. மாலையில் முதலில் போவது கல் அல்ல, நூல். வியர்வையும் திருநீறும் சேர்ந்து அதை இற்றுப்போக வைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கோத்துக்கொள்ளுங்கள்.

ரசீதுக்கு வருகிறேன். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றித் தவறான எண்ணம் தரும்படி விற்பதைத் தடுக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்கலாம். ஆனால் “மாலை 1” என்ற தாளை வைத்துக்கொண்டு அங்கே என்ன பேசுவது? கடைக்காரர் ஸ்படிகம் என்று சொன்னதற்குச் சாட்சி நம் காது மட்டுமே. ஆகவே காசு கொடுக்கும் முன், அவர் வாயால் சொன்னதை அப்படியே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கல்லின் பெயர், இயற்கையா வளர்த்ததா, சூடாக்கியதா, சாயம் ஏற்றியதா. நான்கு சொல் எழுத அரை நிமிடம் ஆகாது. நேர்மையான கடைக்காரருக்கு இதில் இழப்பு இல்லை. இப்படி எழுதிக் கேட்கும் வாடிக்கையாளர் பெருகினால் அவரும் தன் மொத்த வியாபாரியிடம் அதையே கேட்பார். “அதெல்லாம் எழுதுறதில்லைங்க” என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான், மாலையை வைத்துவிட்டு வாருங்கள். “நமக்குள்ள என்ன ரசீது” என்று உறவு கொண்டாடுகிற கடையில் இதைக் கேட்பது சங்கடம் என்பது எனக்குத் தெரியும். அக்காவும் அதனால்தான் கேட்காமல் விட்டார்.

பணம் திரும்பி வரவில்லை. அக்கா மாலையைப் பிரித்து, ஒளிர்ந்த 71 மணிகளில் 54ஐ எடுத்துப் பட்டு நூலில் கோத்துக்கொண்டார். 108இல் பாதி, ஜெபத்துக்கு ஆகும் என்றார். மீதி 17 ஸ்படிக மணிகளையும் 37 கண்ணாடி மணிகளையும் ஒரு மைலோ டின்னில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். போன வாரம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் கழகத்துக்கு அதைக் கொண்டுபோனேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் திரையையும் கறுப்புக் கண்ணாடியையும் வைத்து இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் பிரித்து, 17, 37 என்று கணக்குச் சொல்லிவிட்டார்கள்.